பங்குனியில் வெட்டிய விறகு

எங்கள் ஊரில் ஐப்பசி மழைக்கு வேண்டிய விறகைப் பங்குனியிலேயே வெட்டிப் போட்டுவிட வேண்டும். சாத்தான்குளத்துக்கும் உடன்குடிக்கும் நடுவே, செம்மணல் தேரியின் ஓரத்தில் இருக்கிற ஊர். பார்க்கிற பக்கமெல்லாம் பனை, உடை, முந்திரி. எங்களுக்கு மழை என்றால் வடகிழக்குப் பருவமழைதான். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்வதை நம்பித்தான் குளமும் கிணறும். அந்த மாதங்களில் எந்த வீட்டில் காய்ந்த விறகு இருக்கிறது, எந்த வீடு ஈர விறகோடு மல்லுக்கட்டுகிறது என்று தெருவில் நின்றே சொல்லிவிடலாம். சில வீடுகளில் ஓலைக்கூரை முழுவதும் வெண்புகை கசிந்து முற்றத்திலேயே படிந்து கிடக்கும். சில வீடுகளில் அடுப்பு எரிகிறதா என்றே தெரியாது. எங்கள் ஆச்சி வீடு இரண்டாவது வகை. அதில் ஆச்சிக்கு வெளிப்படையான பெருமை உண்டு.

"பச்சை வெறகுல சோறு பொங்குனா அரிசிக்கு முந்தி கண்ணு வெந்துரும் ஏட்டி" என்பாள். வீட்டுக்கு வந்த மருமகள்கள் எல்லாரும் அவளிடம் முதலில் கற்றுக்கொண்டது குழம்பு வைப்பதை இல்லை, விறகு அடுக்குவதைத்தான்.

வெட்டுவது தாத்தாவும் மாமாக்களும். உடை மரத்தில் பக்கத்துக் கிளைகளைக் கழித்து, முள்ளைக் கவைக்கம்பால் ஒதுக்கி, கட்டையைத் தனியாக இழுத்து வருவார்கள். வந்த அன்றைக்கோ மறுநாளோ பிளந்துவிட வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். பச்சையாக இருக்கும்போது கோடாலி எளிதாக இறங்கும். நன்றாகக் காய்ந்த உடைக்கட்டையைப் பிளக்கப் போனால் கோடாலி எகிறும், காம்பு முறியும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. பட்டை என்பது மரம் தன் நீரைக் காத்துக்கொள்ளப் போட்டிருக்கும் போர்வை. அது மூடியிருக்கிற வரை கட்டையின் பக்கவாட்டில் ஈரம் வெளியேறுவது மிகவும் மெதுவாக நடக்கும். இரண்டு முனைகள் வழியாகத்தான் போக வேண்டும். பிளந்துவிட்டால் புதிதாகத் திறந்த முகம் முழுவதும் காற்றுக்கு வந்துவிடும். முழு உருளையாகக் கிடந்த கட்டை அடுத்த வருஷம் வரை உள்ளே ஈரமாகவே இருப்பதையும், அதே மரத்தின் பிளந்த துண்டு ஆவணிக்குள் காய்ந்து விடுவதையும் எங்கள் முற்றத்திலேயே பார்த்திருக்கிறேன்.

எவ்வளவு கனத்தில் பிளப்பது என்பதற்கு ஆச்சியின் மணிக்கட்டுதான் அளவு. அதைவிடப் பெரிதாக இருந்தால் தாத்தாவிடம் திரும்பப் போகும். நீளம் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட. அடுப்பு வாய்க்குள் பாதி போனாலும் மீதி வெளியே தலைகனத்துச் சரியக் கூடாது.

அடுக்குவது பெண்கள் வேலை. நான் சிறுமியாக இருந்தபோது அதில்தான் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். மண்ணில் நேரடியாக விறகைப் போடவே கூடாது. எங்கள் மண்ணில் கறையான் அவ்வளவு அதிகம். ஒரு மழை பெய்து ஓய்ந்தால் அடியில் கிடக்கும் வரிசை புற்றாகிவிடும். கல் வைத்து, அதன்மேல் பழைய பனஞ்சட்டம் போட்டு, அதற்கு மேல்தான் அடுக்கு தொடங்கும். ஒரு வரிசை நெடுக்கே, அடுத்தது குறுக்கே. இடையில் கை நுழைகிற சந்து இருக்க வேண்டும். பட்டைப் பக்கம் மேலே. நெருக்கி அடுக்கினால் பார்க்க அழகாக இருக்கும், காயாது. நான் சந்து தெரியாமல் அழகாக அடுக்கியதை ஆச்சி பேசாமல் கலைத்துவிட்டு, "காத்து எங்கன கூடிப் போகும்?" என்று மட்டும் கேட்பாள்.

காற்றைத்தான் அவள் நம்பினாள். சித்திரை, வைகாசி வெயிலில் கட்டையின் முனையில் வெடிப்பு விழும். மேலீரம் போய்விடும். உள்ளீரத்தை எடுப்பது ஆனி, ஆடிக் காற்று. தென்மேற்குப் பருவக்காற்று மழையையெல்லாம் மலைக்கு மேற்கே கொட்டிவிட்டு, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக எங்கள் பக்கம் வறண்டு வருகிறது. முப்பந்தலில் இன்று வரிசை வரிசையாகக் காற்றாலை நிற்பது அந்தக் காற்றுக்காகத்தான். அது தேரி மணலையே இடம் பெயர்த்துவிடும். சாப்பாட்டுத் தட்டில் மண் விழும், கண்ணைத் திறக்க முடியாது. ஊரே அந்தக் காற்றைத் திட்டும். ஆச்சி திட்ட மாட்டாள். அடுக்கின் அகன்ற பக்கம் மேற்கைப் பார்த்து இருக்கும்படிதான் அவள் எப்போதும் இடம் தேர்ந்தாள், காற்று ஒவ்வொரு சந்திலும் புகுந்து போகட்டும் என்று. புரட்டாசி பிறந்ததும் அடுக்கைக் கலைத்து, தாழ்வாரத்துக்குள் கொண்டு வந்துவிடுவோம். தேள் இருக்கும் என்பதால் ஒவ்வொரு துண்டையும் இன்னொரு துண்டால் தட்டிவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

அந்தத் தட்டலில்தான் விறகின் ஈரமும் தெரிந்தது. காய்ந்த இரண்டு துண்டுகளை மோதினால் 'ணங்' என்று ஒலி தெறிக்கும். ஈரமிருந்தால் 'தொப்' என்று செத்த சத்தம். கையில் எடுத்ததும் கனம் சொல்லிவிடும். முனையில் நடுவிலிருந்து கதிர்கதிராக வெடிப்பு ஓடியிருக்கும். பட்டை நகத்தால் நெம்பினாலே பெயரும். இத்தனைக்கும் தப்பி ஈரத்துண்டு ஒன்று அடுப்புக்குள் போய்விட்டால் அதுவே காட்டிக்கொடுக்கும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் நுரை தள்ளி, சீறிக்கொண்டே சொட்டும். ஆச்சி அதை வெளியே இழுத்துத் தணித்து, பரணில் போட்டுவிடுவாள்.

பரண் அடுப்புக்கு நேர் மேலே, எட்டிப் பிடிக்கிற உயரத்தில், மூங்கில் கழி கட்டியது. மறுநாள் எரிக்க வேண்டியதை முதல் நாளே அதில் வைத்துவிட வேண்டும். அடுப்பின் சூடும் புகையும் கடைசி ஈரத்தையும் வாங்கிவிடும். பன்னாடை, தென்னம்பாளை, சிரட்டை, சுள்ளி எல்லாம் பரணின் ஒரு பக்கத்தில் இருக்கும். பற்றவைக்க ஆச்சி மண்ணெண்ணெய் ஊற்றி நான் பார்த்ததில்லை. பன்னாடையைக் கசக்கி உருட்டி, மேலே இரண்டு சிரட்டைச் சில், அதன்மேல் விரல் கன சுள்ளி, கடைசியாகத்தான் விறகு. ஒரு தீக்குச்சி போதும்.

மரத்தைத் தேர்வதில் அவளுக்கு உறுதியான கருத்துகள் இருந்தன. பெரும்பாலானவற்றை நான் இன்றும் ஒத்துக்கொள்கிறேன். உடையும் கருவேலமும் முதல் தரம். இரண்டும் கனத்த மரங்கள், நின்று எரியும், எரிந்த பிறகும் கங்கு நீண்ட நேரம் கிடக்கும். புளி அதைவிடச் சூடு. தினசரிச் சமையலுக்கு அது வேண்டாம், கலயம் வெடித்துவிடும் என்று கல்யாணத்துக்கும் கோயில் கொடைக்கும் ஒதுக்கிவைத்தாள். வேம்பை வேறு வழியில்லாமல் எரிப்பாள். வேப்பம்புகையில் ஒரு கசப்பு உண்டு, தொண்டையில் நிற்கும். முருங்கை அடுப்படிக்கே வரக் கூடாது. பஞ்சு மாதிரி மரம், எரிவதற்குள் சாம்பலாகிவிடும். அரளியைக் கையால்கூடத் தொட விடமாட்டாள். வேலியோரம் வெட்டிய அரளிக்குச்சி தெரியாமல் சுள்ளிக்கட்டில் சேர்ந்து வந்துவிட்டால் கட்டையே அவிழ்த்துத் தேடுவாள். அரளியின் எல்லாப் பாகத்திலும் நஞ்சு. அதன் புகையும் ஆகாது. முந்திரிக் கிளையை எரிக்கலாம், கொட்டைத் தோட்டை வீட்டு அடுப்பில் போடக் கூடாது. அந்தத் தோட்டு எண்ணெய் பட்ட இடம் கொப்பளிக்கும் என்பது கொட்டை உடைக்கிற பெண்களின் விரலைப் பார்த்தாலே தெரியும். அது எரிகிற புகை கண்ணையும் மூக்கையும் அரித்துவிடும்.

சீமைக்கருவேலத்தை மட்டும் ஆச்சி கடைசிவரை இரண்டாம் தரமாகவே வைத்திருந்தாள். காமராஜர் காலத்தில் வந்த மரம் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். ஆனால் 1870களின் இறுதியிலேயே ஜமைக்காவிலிருந்து தருவித்த விதையை அன்றைய சென்னை மாகாணத்தின் கடப்பைப் பகுதியில் விதைத்திருக்கிறார்கள், விறகுப் பஞ்சத்தைத் தீர்க்கத்தான். அந்த வேலையை அது குறைவில்லாமல் செய்தது. வெட்ட வெட்டத் துளிர்க்கும், கனமான மரம், அரைப்பச்சையிலும் ஒரு மாதிரி எரியும். ராமநாதபுரம் பக்கம் எத்தனையோ குடும்பங்கள் அதை மூட்டம் போட்டுக் கரியாக்கிப் பிழைத்தன. ஆச்சியின் குறை முள். குத்தினால் சீழ் பிடிக்காமல் ஆறாது. அதோடு, அரைப்பச்சையில் எரிகிறது என்பதே அவளுக்குப் பிடிக்கவில்லை. "காய வைக்காம எரிக்கலாம்னு ஆயிட்டா யாரு காய வைப்பா?" என்றாள். அதன் முழு அர்த்தம் எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் புரிந்தது.

விறகைப் பற்றி நான் அறிந்தவற்றில் பாதி வீட்டு அடுப்படியில் கற்றது, மீதி விடிலியில். பதநீர்க் காலத்தில் தாத்தா தோட்டத்தில் பனைக்கு நடுவே ஓலையால் கட்டிய விடிலியில்தான் கருப்பட்டி காய்ச்சுவார்கள். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்கும் பதநீரை அகன்ற சட்டியில் ஊற்றி, காலையில் ஏற்றினால் இறக்கும்வரை தீ குறையவே கூடாது. 10 லிட்டர் பதநீரை வற்றவைத்தால் ஒரு கிலோவை ஒட்டித்தான் கருப்பட்டி கிடைக்கும். மீதி அவ்வளவும் ஆவியாகப் போக வேண்டிய தண்ணீர். தொடக்கத்தில் நல்ல உடைக்கட்டையாகப் போட்டு, கொதி விடாமல் எரிப்பார்கள். நுரை பொங்கி அடங்கி, நிறம் மாறி, பாகு கனத்துக்கொண்டு வரும்போது சித்தி கட்டையெல்லாம் வெளியே இழுத்துவிடுவாள். அங்கிருந்து காவோலையும் கருக்குமட்டையும்தான். ஓலைத்தீ சட்டென்று எழும், வேண்டாம் என்று நிறுத்திய அடுத்த நொடியே அடங்கும். கட்டையின் கங்கு அப்படி அடங்காது. பதம் வந்த பிறகும் அடியில் கங்கு கிடந்தால் பாகு தீய்ந்து கசந்துவிடும். பிறகு துடுப்பால் கிண்டி, சிரட்டையில் ஊற்றி ஆறவிடுவார்கள். ஒரே அடுப்பில் ஒரே காலைப்பொழுதுக்குள் எரிபொருளை மாற்றி மாற்றித் தீயை ஆண்ட அந்தச் சித்தி பள்ளிக்கூடம் போனதில்லை. பின்னாளில் ஆய்வுக்கூடத்தில் பன்சன் அடுப்பின் காற்றுத்துளையைத் திருகிப் பிள்ளைகளுக்குச் சுடரைக் காட்டும்போதெல்லாம் அவள் நினைவு வரும்.

நான் வேதியியல் ஆசிரியை ஆனேன். எரிதல் பாடம் வரும்போது கணக்கொன்று போடச் சொல்வேன். அப்போது வெட்டிய மரத்தில் ஏறத்தாழப் பாதி எடை தண்ணீர். நன்றாகக் காற்றில் காய்ந்தால் அது 15 அல்லது 20 விழுக்காட்டுக்கு இறங்கும். ஈரமே இல்லாத ஒரு கிலோ மரத்தில் 18 மெகாஜூலை ஒட்டி வெப்பம் இருக்கிறது; ஒரு கிலோ தண்ணீரைச் சூடேற்றி ஆவியாக்க ஏறத்தாழ 2.6 மெகாஜூல் வேண்டும். அப்படியானால் ஒரு கிலோ பச்சை விறகில் எவ்வளவு வீணாகிறது? அரை கிலோ மரம் 9 தருகிறது, அரை கிலோ தண்ணீர் 1.3 எடுத்துக்கொள்கிறது. பிள்ளைகள் விடையைச் சொல்லிவிட்டு, ஏழில் ஒரு பங்குதானே டீச்சர் போகிறது என்பார்கள்.

அங்கேதான் பாடமே தொடங்கும். விறகு கட்டையாக எரிவதில்லை. சூடு ஏறும்போது முதலில் நீர் போகிறது. பிறகு 200, 300 டிகிரியில் மரம் சிதைந்து வாயுக்களை விடுகிறது. நாம் பார்க்கிற சுடர் அந்த வாயு எரிவது. மரத்தின் வெப்பத்தில் பாதிக்கு மேல் அதில்தான் இருக்கிறது. அந்த வாயு முழுதாக எரிய 600 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். ஈர விறகில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கிற வரை அந்தச் சூடு வராது. எரியாத வாயு அப்படியே வெளியேறுகிறது. நாம் அதைப் புகை என்கிறோம். காசு கொடுத்து வாங்கிய வெப்பம் கண்ணுக்குள்ளும் நெஞ்சுக்குள்ளும் போகிறது, சோற்றுக்குப் போவதில்லை. எடைபோட்டு விற்கிற விறகுக்கடையில் ஈரக்கட்டை வாங்குகிறவர் பாதி விலையைத் தண்ணீருக்குக் கொடுக்கிறார் என்பது இன்னொரு கணக்கு.

விறகின் ஈரத்தைக் கண்டுபிடிக்க ஆச்சிக்குப் பானையின் அடி போதும். அடுப்பில் ஏற்றும் முன் பாத்திரத்தின் அடியில் சாம்பலும் மண்ணும் குழைத்துப் பூசுவார்கள், கரி எளிதில் கழுவிப் போகட்டும் என்று. காய்ந்த விறகில் ஏறுகிற கரி உலர்ந்த பொடி, துடைத்தால் உதிரும். ஈர விறகின் கரி தாராகப் பிசுபிசுக்கும். சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் விடாது. எந்த மருமகள் பரணில் விறகு வைக்க மறந்தாள் என்று பாத்திரம் கழுவுகிற இடத்தில் கண்டுபிடித்துவிடுவாள்.

இவ்வளவு கவனமாக இருந்தும் ஆச்சிக்கு இருமல் இருந்தது. வயதான காலத்தில் மூச்சு வாங்கியது, கண் எப்போதும் கலங்கியே இருந்தது. விறகு அடுப்பை வாழ்த்திப் பேசுகிறவர்களிடம் இதைச் சொல்லாமல் நான் விடுவதில்லை. 1980களின் தொடக்கத்தில் கிர்க் ஸ்மித் என்ற ஆய்வாளரும் உடன் வேலை செய்தவர்களும் குஜராத் கிராமங்களில் சமைக்கிற பெண்களின் உடலில் அளவுக்கருவியைப் பொருத்தி, அவர்கள் மூச்சில் போகும் தூசியை அளந்தார்கள். அடுப்புப் புகையை உலகம் நோயாகப் பார்க்கத் தொடங்கியதில் அந்த அளவீட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. காய்ந்த விறகு புகையைக் குறைக்கும். இல்லாமல் ஆக்காது. புகை வெறுங்கண்ணுக்குத் தெரியாத தீயிலும் நுண்துகள் இருக்கிறது. 2006 தேர்தலுக்குப் பிறகு தமிழக அரசு இலவச எரிவாயு அடுப்பும் இணைப்பும் கொடுக்கத் தொடங்கி, அது எங்கள் ஊருக்கும் வந்து சேர்ந்தபோது அம்மா ஊதுகுழலைத் தூக்கி வெளித்திண்ணையில் வைத்தாள். அதை நான் முழு மனதோடு வரவேற்றேன். தினம் இரண்டு வேளை சமையலுக்கு அதுதான் சரி.

ஆனால் எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் விறகு அடுப்பு போய்விடவில்லை. கொல்லைப்புறத்துக்கு இடம் மாறியது, அவ்வளவுதான். வெந்நீர் அதில்தான். நெல் அவிப்பது, பனங்கிழங்கு அவிப்பது, கோழிக்குழம்பு, கொடைச் சாப்பாடு எல்லாம் அதில்தான். சிலிண்டர் விலை ஏறுகிற மாதங்களில் சோறும் அங்கே போய்விடுகிறது. போனது காய வைக்கிற பழக்கம். விறகு இனி முக்கியமில்லை என்று ஆனதும் பங்குனியில் யாரும் அதைப் பற்றி நினைப்பதில்லை. ஐப்பசி மழையில் வேலியோரம் கிடக்கிற பச்சைச் சீமைக்கருவேலத்தை இழுத்து வந்து, எரியாவிட்டால் சைக்கிள் டயர்த் துண்டையோ பாலித்தீன் பையையோ சொருகிப் பற்றவைக்கிறார்கள். பி.வி.சி. குழாய்த் துண்டைச் செருகுவதையும் பார்த்திருக்கிறேன். அது எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு வரும், டயாக்சின் உண்டாகும். குழந்தை குளிக்கிற வெந்நீர் அடுப்பில் அது நடக்கிறது. ஆச்சி காலத்துப் புகையைவிட இன்றைய கொல்லைப்புறப் புகை மோசம் என்று நான் சொல்வது இதனால்தான்.

என் தம்பி வீட்டில் தூத்துக்குடியிலிருந்து சரக்குப் பலகைகள் வாங்கி வைத்திருந்தார்கள், துறைமுகத்துப் பக்கம் கழிவாக விற்பவை. உலர்ந்தவை, பிளக்கிற வேலை இல்லை, விலையும் குறைவு. தம்பி மனைவிக்கு அதில் நல்ல திருப்தி. நான் ஒவ்வொரு பலகையாகத் திருப்பி முத்திரையைக் காட்டினேன். சரக்குப் பெட்டி மரத்தில் பூச்சி போகக் கூடாது என்று 2002-ல் வந்த சர்வதேச விதிப்படி கோதுமைக் கதிர் படத்தோடு அச்சிடுகிற முத்திரை அது. எச்.டி. என்றிருந்தால் மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரியில் அரை மணி நேரம் சூடேற்றப்பட்டது. எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுவாயுவில் வைக்கப்பட்டது. எம்.பி. பலகையையும், பெயின்ட் அடித்ததையும், எண்ணெயோ ரசாயனமோ சிந்திக் கறை பட்டதையும் தனியாக ஒதுக்கினோம். கால்வாசிக்கு மேல் ஒதுங்கியது.

"இம்புட்டும் காசு குடுத்து வாங்குனது மைனி" என்றாள் அவள், வருத்தத்தோடு.

"இதுல கோழிக்கூடு அடிச்சுக்கோ. அடுப்புக்கு வேண்டாம்" என்றேன்.

அடுத்த பங்குனிக்கு நான் ஊரில் இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். வாய்க்கால் கரையில் வெட்டிய சீமைக்கருவேலம் ஒரு டெம்போ வாங்கி, ஆள் வைத்து அன்றைக்கே பிளந்தோம். கல் வைத்து, சட்டம் போட்டு, மேற்குப் பார்த்து அடுக்கினோம். மேலே மட்டும் தகரம், பக்கங்களை மூடவில்லை. தார்ப்பாய் போட்டு முழுதாகப் போர்த்தலாம் என்று தம்பி சொன்னான். போர்த்தினால் உள்ளே வியர்த்து ஈரம் அங்கேயே நிற்கும் என்று அவன் மனைவியே மறுத்துவிட்டாள். நான் சொல்லிக் கொடுத்ததில்லை. அவள் அம்மா வீட்டிலும் ஒரு ஆச்சி இருந்திருக்கிறாள்.

கார்த்திகையில் தம்பி மனைவி போனில் பேசினாள். மூன்று நாளாக அடைமழை, கரண்டும் இல்லை, வெந்நீர் மட்டும் தடையில்லாமல் போடுகிறாளாம். பக்கத்து வீட்டுக்காரி வந்து அடுக்கைப் பார்த்துவிட்டு ஒரு கட்டு கேட்டு வாங்கிப் போனாளாம். அவளுக்கும் சேர்த்து வருகிற பங்குனியில் இரண்டு டெம்போவாக இறக்கச் சொல்லியிருக்கிறாள். இந்த முறை உடைக்கட்டை கிடைக்குமா என்று சாத்தான்குளத்தில் விசாரிக்கிறாள்.